பச்சை மஃப்ளர் கட்டிய இடம்

"என் மஃப்ளர் எங்கே?"

முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது குரல். யோலா திரும்பினாள்.

மழைக்கு முந்தின வானத்தின் நிறத்தில் இரண்டு கண்கள். அவை கோபமாக இருந்தன. ஆனால் அந்தக் கோபத்துக்குக் கீழே, மீசையின் ஓரத்தில், ஒரு துளி கடுகு விழுது ஒட்டிக்கொண்டிருந்தது. கோபப்படுகிற ஆளைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"எந்த மஃப்ளர்?"

"பச்சை. இந்தக் கம்பியில கட்டியிருந்தேன். நீங்க நிக்கிறீங்களே... இதே இடத்துல."

"ஓ... அது உங்களோடதா! யாரோ தொலைச்சுட்டுப் போயிட்டாங்கன்னு நினைச்சேன்..."

"தொலைச்சுட்டா? மூணு முடிச்சுப் போட்டா மேடம் தொலைப்பாங்க?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்போதுதான் யோலா கம்பியை முழுசாகப் பார்த்தாள். வியன்னா ஓபராவில் நின்று பார்ப்பவர்களுக்கான இடம் அது. உட்கார வசதியில்லாதவர்கள் சாய்ந்துகொள்ள, வரிசை வரிசையாக, வெல்வெட் சுற்றிய கம்பிகள். அதில் ஒரு கைக்குட்டை... ஒரு பெல்ட்... ஒரு கழுத்து டை... தள்ளித் தள்ளி ஒவ்வொன்றாகக் கட்டியிருந்தது.

"இடம் பிடிக்கிறதுக்குக் கட்டுறது. மத்தியானத்திலேருந்து வரிசையில நின்னு, டிக்கெட்டை வாங்கி, ஓடி வந்து, கட்டி வெச்சுட்டு, ஒரே ஒரு சாசேஜ் சாப்பிடலாம்னு வெளிய போனேன். திரும்பி வந்தா இடமும் இல்ல, மஃப்ளரும் இல்ல!"

யோலாவுக்கு முகம் சூடானது. அவளுடைய லூப்ளினில் தெருவில் கையுறையோ மஃப்ளரோ கிடந்தால், எடுப்பவர்கள் பக்கத்து வேலியில் கட்டிவிட்டுப் போவார்கள். தொலைத்தவர் தேடி வந்தால் கண்ணில் படட்டும் என்று. கம்பியில் பச்சை மஃப்ளரைப் பார்த்ததும் அவள் நினைத்தது அதைத்தான். நல்ல கம்பளி, பாவம், இங்கே கிடந்தால் யாராவது எடுத்துவிடுவார்கள் என்று அவிழ்த்து, கோட்டு வாங்கி வைக்கும் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

அதைச் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் கேட்டான்:

"ஜெர்மன் நல்லாத்தான் பேசுறீங்க. ஆனா இந்த ஊர் இல்ல. எங்கேருந்து?"

"போலந்து."

அவன் கண்கள் மெல்லக் கீழே இறங்கின. அவள் தோளில் தொங்கிய பெரிய பைக்கு வந்தன. அங்கேயே ஒரு கணம் நின்றன.

"ஓ..." என்றான். பிறகு, அவள் காதுக்கு மட்டும் கேட்கிற குரலில், "அப்போ சரி."

இரண்டே வார்த்தை.

அன்று காலை ஒரு கடைக் கதவில் யோலா ஒரு அட்டையைப் பார்த்திருந்தாள். 'திருடாதீர்கள்' என்று போலிஷ் மொழியில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த ஊரில் அவள் தாய்மொழியில் அவள் பார்த்த ஒரே வாக்கியம் அது. காலையிலிருந்து தொண்டையில் நின்றிருந்த அந்த வாக்கியம் இப்போது இந்த மனிதனின் கண் வழியாக அவள் பையைத் துழாவியது. பையில் இருந்தவை நான்கு அவித்த முட்டைகள், ஒரு பிளாஸ்க், ஒரு நோட்டு.

"வாங்க" என்றாள்.

"எங்கே?"

"வாங்க சார்."

அவள் முன்னால் நடந்தாள். கோட்டு வாங்கி வைக்கும் அம்மா அவளைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, பச்சை மஃப்ளரை எடுத்து ஆட்டினாள். "ஆள் கிடைச்சாச்சா? உங்களுதா தம்பி? இந்தப் பொண்ணு தேடி வந்து குடுத்துச்சு. இந்தக் காலத்துல யாரு இப்படிக் குடுக்கிறா!"

அவன் முகத்தில் முதலில் ஒன்றுமில்லை. பிறகு கழுத்திலிருந்து மேலே மேலே சிவப்பு ஏறியது.

"எண்ணிப் பாத்துக்குங்க" என்றாள் யோலா. குரல் நடுங்கவில்லை. அதில் அவளுக்கே ஆச்சரியம். "ஓரத்துக் குஞ்சம் எல்லாம் சரியா இருக்கான்னு எண்ணிப் பாத்துக்குங்க. நான் போலந்து."

மணி அடித்தது. எல்லோரும் உள்ளே ஓடினார்கள். யோலா மட்டும் வெளியே நடந்தாள்... படிகளில் இறங்கி, வளைவுகளைத் தாண்டி, பிப்ரவரி மழைக்குள்.

*

யோலாவை யோலா என்றே எழுதுகிறேன். 'நான்' என்று தொடங்கிய நான்கு தாள்களைக் கிழித்தாயிற்று. அந்தச் சொல்லுக்கு அப்பால் பேனா நகர மாட்டேன் என்கிறது. இது அவர் இல்லாத மூன்றாவது குளிர்காலம். பச்சை மஃப்ளர் எதிர் நாற்காலியின் கையில் கட்டியபடி இருக்கிறது. அவிழ்க்கவில்லை. சரி... தொண்ணூறாம் வருஷத்துக்குப் போவோம்.

அந்த மழையில் யோலா எதை இழந்துவிட்டு நடந்தாள் என்று சொல்ல வேண்டும். அவள் லூப்ளினில் ஒரு பள்ளியில் ஜெர்மன் டீச்சர். பாடப் புத்தகத்தின் ஏழாம் பாடம் வியன்னா. 'இது தேவாலயம். இது ஓபரா. ஓபராவில் பெரிய சரவிளக்கு இருக்கிறது.' இந்தச் சரவிளக்கை அவள் ஆறு வருஷமாக, வருஷத்துக்கு மூன்று வகுப்புகளுக்கு நடத்தியிருந்தாள்... ஒருமுறைகூடக் கண்ணால் பார்க்காமல். போன இலையுதிர் காலத்தில் கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், நீங்க நிஜமா பாத்திருக்கீங்களா? இல்ல எங்களை மாதிரி படிச்சதுதானா?"

அந்தக் குளிர்கால விடுமுறையில், மூன்று தூதரகங்களில் வரிசையில் நின்று, பத்து நாள் பஸ் பயணத்துக்குப் பெயர் கொடுத்தாள். வியன்னா, வெனிஸ், ரோம், பாரிஸ். ராத்திரிகளில் பாதி பஸ்ஸிலேயே தூக்கம். பிள்ளைகளிடம் ஒரு நோட்டைக் காட்டினாள். "ஒவ்வொரு ஊரையும் உள்ளது உள்ளபடி எழுதிட்டு வரேன். நல்லா இல்லேன்னா நல்லா இல்லேன்னே எழுதுவேன். புத்தகம் பொய் சொன்னா அதையும் எழுதுவேன்."

அன்று ராத்திரி விடுதிக் கட்டிலில் நோட்டைத் திறந்தாள். 'வியன்னா' என்று தலைப்பு எழுதினாள். கீழே என்ன எழுதுவது? இரண்டு வார்த்தைதான் வந்தது... அதைப் பிள்ளைகளுக்கு எழுத முடியாது. நோட்டை மூடினாள்.

"பாட்டு எப்படிடீ இருந்துச்சு?" என்றாள் பக்கத்துக் கட்டிலிலிருந்து புரோனியா அக்கா. லூப்ளினில் அவர்கள் கட்டடத்திலேயே மேல்மாடிக்காரி. பஸ்ஸில் பக்கத்து சீட்.

"நல்லா இருந்துச்சு அக்கா."

"அப்புறம் ஏன் தலைமுடி இவ்வளவு நனைஞ்சிருக்கு? உள்ளே மழை பெய்யுற மாதிரி நாடகமா?"

*

மறுநாள் காலையிலும் மழை விடவில்லை.

"கைடுக்குக் காசு குடுத்து ஏன்டீ சுத்தணும்? இந்த டிராம் வட்டமாப் போகுதாம். எல்லா அரண்மனையையும் காட்டிட்டு ஏறின இடத்துலயே இறக்கி விட்டுடுமாம்" என்று புரோனியா அக்கா கண்டுபிடித்திருந்தாள். லூப்ளினில் டிராம் கிடையாது. அந்தச் சிவப்பு வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் யோலாவுக்குக் கொஞ்சம் மனசு லேசானது.

ஜன்னலில் ஆவி படிந்திருந்தது. கையுறையால் துடைத்தால் ஓர் அரண்மனை. மறுபடி ஆவி. மறுபடி துடைத்தால் இன்னோர் அரண்மனை... எது எது என்று கண்டுபிடிப்பதற்குள் அடுத்தது வந்தது.

"அடுத்த நிறுத்தம், நாடாளுமன்றம்" என்றது ஒலிபெருக்கி. பிறகு ஒரு கரகரப்பு. யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"பயணிகள் கவனத்துக்கு... நேத்து சாயந்திரம் ஓபராவுல ஒரு மடையன் ஒரு பெண்ணை அவமானப்படுத்திட்டான். அந்தப் பெண் இப்ப இடதுபக்கம் நாலாவது ஜன்னல்ல உக்காந்திருக்காங்க. அந்த மடையன்... இந்த டிராமை ஓட்டிட்டு இருக்கான். மன்னிப்புக் கேட்டுக்கிறான்."

யோலாவின் கை கண்ணாடியிலேயே உறைந்தது. முன்னால், டிரைவரின் கண்ணாடியில்... அதே மழை நிறக் கண்கள்.

வண்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மடியில் நாய்க்குட்டியோடு உட்கார்ந்திருந்த ஒரு வியன்னாக்காரி கத்தினாள்: "தம்பி, முதல்ல ரோட்டைப் பாத்து ஓட்டு! மன்னிப்பு எங்கேயும் ஓடிப்போயிடாது!" யாரோ கை தட்டினார்கள். உடனே எல்லோரும் தட்டினார்கள்.

"என்னடீ சொல்றான் அவன்? எதுக்கு எல்லாரும் நம்மையே பாக்கறாங்க? டிக்கெட்டுல ஓட்டை போடலையா?" என்றாள் புரோனியா அக்கா.

யோலா எழுந்து, கம்பிகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் போனாள்.

"டிரைவரோட பேசக் கூடாதுன்னு போட்டிருக்கு" என்றாள்.

"பதினோரு வருஷமா என் தலைக்கு மேலதான் இருக்கு அந்த போர்டு. நீங்க பேச வேண்டாம். தலையை மட்டும் ஆட்டுங்க... மன்னிச்சாச்சா?"

"இல்ல."

"பார்த்தீங்களா, பேசிட்டீங்க!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது... உதட்டு வாசல் வரை. அதை அங்கேயே நிறுத்தினாள்.

"சார், நேத்து நீங்க சொன்னதை என் காதுல மட்டும் விழற மாதிரி சொன்னீங்க. மன்னிப்பை மட்டும் ஊருக்கே கேக்குற மாதிரி கேக்குறீங்க. எல்லாரும் கை தட்டினாங்க. யாருக்கு? உங்களுக்கு! நான் இன்னும் நேத்து நின்ன இடத்துலயேதான் நிக்கிறேன்."

கண்ணாடியில் இருந்த சிரிப்பு அணைந்தது. சிக்னல் பச்சையானது. அவன் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹார்ன் கேட்டது.

"என் பேரு லோதார்" என்றான், எதற்கென்று தெரியாமல். "நீங்க... எப்ப ஊருக்கு?"

அவள் கதவுப் பக்கம் திரும்பினாள். ஆனால் புரோனியா அக்கா பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். அவளுக்குத் தெரிந்த நாற்பது ஜெர்மன் வார்த்தைகளில் 'எப்ப' ஒன்று.

"இன்னைக்கு வெனிஸ்! ரோம்! பாரிஸ்! அப்புறம் திரும்ப இங்க! நாளைக்கு இல்ல, அடுத்த செவ்வாய்! நாலு மணி வருவோம், ஒன்பது மணி போவோம்! வாஷிங் மெஷின்!"

"வாஷிங் மெஷினா?"

"அக்கா, வாயை மூடு!" என்றாள் யோலா போலிஷில். ஆனால் விஷயம் உண்மைதான். பாரிஸிலிருந்து லூப்ளினுக்கு யாரும் வியன்னா வழியாகப் போக மாட்டார்கள். பஸ் டிரைவரின் மச்சான் இங்கே ஒரு பழைய வாஷிங் மெஷின் வாங்கி வைத்திருந்தான். அதற்காக நாற்பது பேரும் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

அடுத்த நிறுத்தத்தில் யோலா இறங்கினாள். முதுகில் அவன் குரல் வந்து விழுந்தது. மைக் இல்லாமல், மெதுவாக:

"செவ்வாய்க்கிழமை... அந்த இடத்துல மஃப்ளர் இருக்கும்."

அவள் திரும்பவில்லை. கதவு மூடியது. ரோட்டில் ஒரு ஈ காக்கா இல்லை, ஆனாலும் டிராம் ஒரு தடவை மணி அடித்தது.

*

அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது. ஓரங்கள் மஞ்சளாகிவிட்டன. எழுத்து மங்கவில்லை.

வெனிஸ். 'பிள்ளைகளே, தெருவெல்லாம் தண்ணீர் என்பது உண்மை. அது நாற்றமடிக்கும் என்பதைப் புத்தகம் சொல்லவில்லை. பெரிய சதுக்கத்தில் இன்று முழங்கால் வரை வெள்ளம். பலகைகள் போட்டிருந்தார்கள். அதன்மேல் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் வர, நடுவில் புரோனியா அக்கா நின்றுவிட்டாள். இத்தாலியே நின்றது. மூடுபனி விலகிய ஐந்து நிமிஷம் மட்டும் ஊர் வேறு மாதிரி இருந்தது... அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. இங்கே டிராம் ஓட வழியே இல்லை.'

ரோம். 'அந்தப் பெரிய வட்ட அரங்கத்தில் பூனைகள்தான் இப்போது ராஜாக்கள். ஒன்று என் முட்டையைத் தின்றது. போப் போலந்துக்காரர் என்பதால், பேராலய வாசலில் பாதிப் பேர் போலிஷ் பேசினார்கள். ஊருக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது. ராத்திரி எங்கள் பஸ்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் டீ போடக் கம்பிச் சுருள் ஹீட்டரைத் தம்ளரில் போட்டார்கள். விடுதி முழுக்க இருட்டு. மேனேஜர் மெழுகுவர்த்தியோடு வந்து அழாத குறை. ரோமில் டிராம் இருக்கிறது. டிரைவர் விசிலடித்துக்கொண்டே ஓட்டுகிறார். யாரிடமும் எதற்கும் மன்னிப்புக் கேட்கவில்லை.'

பாரிஸ். 'இரும்புக் கோபுரம் தூரத்திலிருந்து அழகு, பக்கத்தில் இரும்பு. படியேறினேன். மேலே காற்றில் தொப்பி போயிற்று. அருங்காட்சியகத்தில் அந்தப் புகழ்பெற்ற சிரிக்கும் பெண்ணைப் பார்க்கப் போனால், நூறு பேரின் முதுகைத்தான் பார்க்க முடிந்தது. படம் மிகச் சின்னது. ஆனால் சாயங்காலம் ஆற்றங்கரை விளக்குகள் எல்லாம் ஒன்றாக ஏற்றப்பட்டபோது, பக்கத்தில் யாராவது இருந்தால் சொல்லலாமே என்று இருந்தது. பாரிஸில் டிராமே கிடையாது.'

"நீ ஊரைப் பத்தி எழுதுறியா, டிராமைப் பத்தி எழுதுறியாடீ?" என்று தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்டாள் புரோனியா அக்கா.

"பிள்ளைங்களுக்குப் போக்குவரத்து ஒரு பாடம் இருக்கு அக்கா."

"ஆமாமா. எட்டாம் பாடம். தலைப்பு: மழை நிறக் கண்ணு."

"அக்கா!"

'வியன்னா' என்ற பக்கம் மட்டும் தலைப்போடு வெறுமையாக இருந்தது. ஒவ்வொரு ராத்திரியும் அதைத் திறந்தாள், மூடினாள். அவன் மைக்கில் விளையாடியதுதான் மனசில் உறுத்தியது. எல்லாவற்றையும் சிரிப்பாக்கிவிட்டுத் தாண்டிப் போகிற ஆள்... அவ்வளவுதானா அவன்? அவ்வளவுதான் என்றால், செவ்வாய்க்கிழமை மஃப்ளர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

ஆனாலும் அவள் செவ்வாய்க்கிழமைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

*

சால்ஸ்பர்க் பக்கம் பனி. நான்கு மணிக்கு வர வேண்டிய பஸ் வியன்னாவுக்கு வந்தபோது ஆறரை தாண்டியிருந்தது. ஓபரா ஏழு மணிக்கு.

"நான் போகல" என்றாள் யோலா.

"சரி, போகாதே. ஷூ லேசை ஏன்டீ கட்டுறே?"

"கால் மரத்துப்போச்சு. கொஞ்சம் நடக்கலாம்னு..."

"நடக்கிறவ ஏன் தலையைச் சீவுறே? ஓடுடீ! ஒன்பது மணிக்கு இங்க நிக்கலேன்னா, உன் சீட்டுல வாஷிங் மெஷினை வெச்சுக் கூட்டிட்டுப் போயிடுவோம்!"

அவள் ஓடினாள். மழை. ஈரத் தெருவில் விளக்குகள் எல்லாம் தலைகீழாக நீந்தின. நின்று பார்ப்பவர்களுக்கான பக்கவாட்டுக் கதவில் 'டிக்கெட் முடிந்தது' என்ற பலகை தொங்கியது. வரிசை இல்லை. அந்தக் கதவுக்கு முன்னால், டிராம் சீருடையில், வெறும் கழுத்தோடு ஒருவன் மட்டும் நின்றான். மழையும் குளிரும் அந்தக் கழுத்தைச் சிவக்க வைத்திருந்தன.

அவன் டிக்கெட்டை நீட்டினான்.

"ராத்திரி ஷிஃப்ட் முடிச்சுட்டு, காலையில பதினோரு மணிக்கே வந்து நின்னேன். உள்ளே கட்டியாச்சு. போங்க, மணி அடிக்கப் போறாங்க."

"உங்களுக்கு?"

"ஆளுக்கு ஒரு டிக்கெட்தான். ஒரு மஃப்ளருக்கு ஒரு இடம். அங்க நிக்கிறவங்களுக்கு அது சட்டத்துக்கும் மேல. நான் இங்க நிக்கிறேன்... அன்னைக்கு நீங்க நின்ன மாதிரி."

"நான் நிக்கல. நடந்தேன்."

"தெரியும். பின்னாடியே ஓடி வந்தேன். எந்தத் தெருவுல திரும்பினீங்கன்னு தெரியல. அன்னைக்கு நானும் ஓபரா பாக்கல."

யோலா டிக்கெட்டை வாங்கவில்லை. அவன் ஓரடி கிட்டே வந்தான். குரலைத் தாழ்த்தினான். மழைச் சத்தத்துக்கு நடுவே அவள் காதுக்கு மட்டும் எட்டுகிற அளவுக்கு.

"போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்குங்க. அது வாய் தவறி வந்த வார்த்தை இல்ல. நீங்க ஊர் பேரைச் சொன்னதும் என் கண்ணு தானா உங்க பைக்குப் போச்சு. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லேன்னுதான் அதுவரைக்கும் நினைச்சிட்டிருந்தேன். அப்படிப்பட்ட ஆள்தான் போல... அது எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. வெக்கமா இருந்துச்சு. வெக்கத்தை மறைக்கத்தான் மைக்ல விளையாடினேன். அதுவும் தப்பு. இது கைதட்டலுக்கு இல்ல. உங்ககிட்ட மட்டும்."

யோலா அவனைப் பார்த்தாள். இந்த முறை கண்களில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. நனைந்த மனிதனின் கண்கள்... அவ்வளவுதான்.  உள்ளே மணி அடித்தது. டிக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

அதே கம்பி. அதே இடம். மூன்று முடிச்சுகளோடு பச்சை மஃப்ளர்.

"அங்க ஆள் இருக்கு, அம்மணி" என்று ஒருவர் முறைத்தார்.

"தெரியும். அந்த ஆள் நான்தான்."

விளக்குகள் அணைந்தன. அந்த இடத்திலிருந்து சரவிளக்கு தெரியவில்லை. தலைக்கு மேலே முதல் மாடி மறைத்தது. ஆறு வருஷம் நடத்திய பாடம்... ஒரு விளக்குகூடக் கண்ணில் படவில்லை! அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ஒரு பெண் குரல் இருட்டுக்குள்ளிருந்து எழுந்தது, எழுந்துகொண்டே போனது... யோலா கம்பளி முடிச்சை இறுகப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் எப்போது தொடங்கியது என்று அவளுக்கே தெரியாது.

*

இடைவேளையில் அவள் மஃப்ளரை அவிழ்க்கவில்லை. அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

அவன் வளைவுக்குக் கீழே கைகளை ஊதிக்கொண்டு நின்றிருந்தான்.

"இந்தாங்க டிக்கெட். இனிமே உங்க பாதி."

"மஃப்ளர் எங்கே?" என்று கேட்டுவிட்டு, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவள் சிரித்துவிட்டாள். இந்த முறை வாசலில் நிறுத்தவில்லை. "பயப்படாதீங்க. கட்டின இடத்துலயே இருக்கு."

பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து டீ ஊற்றிக் கொடுத்தாள். மூடியை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்தபடி, அவள் பையில் எட்டிப் பார்த்த நோட்டைக் காட்டினான். "அது என்னன்னு கேக்கலாமா? இல்ல... பையைப் பாக்குற உரிமையே எனக்குக் கிடையாதா?"

"கேக்கலாம்." தன் பெயரைச் சொன்னாள், பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாள். ஏழாம் பாடம், சரவிளக்கு, உள்ளது உள்ளபடி.

"படிங்களேன்."

"போலிஷ்ல இருக்கு."

"நீங்கதான் ஜெர்மன் டீச்சராச்சே."

சிக்கிக்கொண்டாள். வெனிஸைப் படித்தாள். பலகைமேல் புரோனியா அக்கா நின்ற இடத்தில் அவன் டீயைச் சிந்திக்கொண்டு சிரித்தான். கடைசி வரிக்கு வந்ததும் பக்கத்தைப் புரட்டினாள்.

"ஒரு வரியை விட்டுட்டீங்க."

"இல்லையே."

"கண்ணு ஒரு வரி தாண்டிச்சு. நான் பாத்தேன். தினமும் கண்ணாடியில நூறு பேரோட கண்ணைப் பாக்குறவன் நான். உள்ளது உள்ளபடின்னு பிள்ளைங்களுக்குச் சொன்னீங்களே?"

"...இங்கே டிராம் ஓட வழியே இல்லை."

அவன் மூடியைக் கீழே இறக்கினான்.

"ரோம்?"

"ரோமில் டிராம் இருக்கிறது. டிரைவர் விசிலடித்துக்கொண்டே..." காதுமடல் எரிந்தது. "யாரிடமும் எதற்கும் மன்னிப்புக் கேட்கவில்லை."

"பாரிஸ்?"

"வேண்டாமே..."

"பாரிஸ், டீச்சர்."

"பாரிஸில் டிராமே கிடையாது." நோட்டைப் படாரென்று மூடினாள். "போதுமா? போக்குவரத்துப் பாடம் அது!"

 வளைவின் விளிம்பிலிருந்து மழை ஒரு திரை மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே மணி அடித்தது. அவன் அசையவில்லை.

"போகலையா? உங்க பாதி..."

"இடம் பத்திரமா இருக்கும். கட்டியிருக்கே." அவள் கண்களையே பார்த்தான். "வியன்னாவுக்கு என்ன எழுதினீங்க?"

வெற்றுப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். தலைப்பு மட்டும். அவன் முகம் விழுந்தது. அதைப் பார்க்க அவளால் முடியவில்லை.

"எங்க ஊர்ல தொலைஞ்சுபோனதைத்தான் கட்டி வெப்போம்" என்றாள் மெதுவாக. "அதனாலதான் அன்னைக்கு எனக்குப் புரியல. திரும்பி வர்றவங்களும் கட்டி வெப்பாங்கன்னு இங்கதான் தெரிஞ்சுக்கிட்டேன்."

"இப்ப நீங்க உள்ளே விட்டுட்டு வந்தது... யாரு திரும்பி வர்றதுக்கு?"

"படியிறங்கி வர்றப்போ உங்களுக்குன்னு நினைச்சேன்."

"இப்ப?"

யோலா மூச்சை இழுத்தாள். நாற்பது பேர், நான்கு ஊர், ஒரு வாஷிங் மெஷின்... எல்லாம் எங்கோ தள்ளிப்போயின.

"இப்ப எனக்குன்னு தோணுது, லோதார்."

அவன் ஏதோ வேடிக்கையாகச் சொல்லப் போனான். உதடு பிரிந்தது. பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டான். அந்த விட்டுவிட்டதுதான் அவளைக் கவிழ்த்தது.

"எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு, யோலா" என்றான், அவள் காதுக்கு மட்டும். "நீ அந்த மஃப்ளரை ஆட்டின அம்மா முன்னாடி நின்னு 'எண்ணிப் பாத்துக்குங்க'ன்னு சொன்னப்பவே பிடிச்சுப்போச்சு. அப்ப சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல."

"இப்ப இருக்கா?"

"அதை நீதான் எழுதணும்."

ஒன்பது மணிக்குச் சற்று முன்னால், பஸ் நிற்கும் மூலைக்கு இருவரும் போனபோது அங்கே ஒரே கூச்சல். வாஷிங் மெஷின் எந்தக் கதவு வழியாகவும் உள்ளே போக மறுத்தது. புரோனியா அக்கா அதன்மேலேயே குடை பிடித்து உட்கார்ந்திருந்தாள். லோதாரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"மடையன்" என்றாள் ஜெர்மனில், வெகு அன்பாக. பிறகு யோலாவிடம் போலிஷில்: "இன்னும் அரை மணி நேரம் ஆகும்டீ. நான் சத்தமே போட மாட்டேன்."

யோலா நோட்டைத் திறந்தாள். மழைத்துளி தாளில் விழாமல் அவன் தன் தொப்பியைப் பிடித்தான். 'வியன்னா' என்ற தலைப்புக்குக் கீழே, இத்தனை நாளாக வராத வரி இப்போது தானாக வந்தது.

"என்ன எழுதுறே?" என்றான். "மொழிபெயர்த்துச் சொல்லு. ஒரு வார்த்தையும் விடாம."

அவள் உள்ளது உள்ளபடி வாசித்தாள்:

"இந்த ஊரை நான் இன்னும் பார்த்து முடிக்கவில்லை."